இடது பக்கச் சூடு: ஒரு பழைய கொம்பி வானின் நிகழ்வு ஆய்வு

ஆறு பேர் ஏறக்குறைய இரண்டு வருடம் சனி ஞாயிறாகப் பாடுபட்டுத் திருத்திய வான், முதல் தூரப் பயணத்திலேயே கண்டி வீதியின் கடுகண்ணாவை ஏற்றத்தில் வெந்து நின்றது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஏழு வாரம் போனது. கண்டுபிடித்தவருக்கு எஞ்சின் வேலை தெரியாது. கொட்டாஞ்சேனையில் வீடு வீடாகப் போய் ஏசி பூட்டுகிறவர். பழைய வானைத் திருத்தப் புறப்படுகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று அந்த ஏழு வாரத்தையும் அதற்கு முன் நடந்ததையும் என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறேன். கணக்கு எழுதுவது என் தொழில். அந்தக் குழுவிலும் எனக்கு அதே வேலைதான். ஸ்பானர் பிடித்தது குறைவு.

வான்

1969ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் கொம்பி. முன் கண்ணாடி நடுவில் பிரியாமல் ஒரே துண்டாக வளைந்திருக்கும் இரண்டாம் தலைமுறை. அந்த வடிவம் 1967 ஓகஸ்டில் வந்தது. 1600 சிசி எஞ்சின் பின்பக்கம் இருக்கிறது. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. காற்றும் ஒயிலும்தான் எஞ்சினைக் குளிர்விக்க வேண்டும். வலு 47 குதிரை, அதாவது ஐந்து முச்சக்கரவண்டி சேர்ந்தால் வருகிற அளவு.

வான் என் நண்பனின் பெரியப்பாவுடையது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் சுலபமாகக் கிடைக்காத 1970களில், அவர் ஒரு தச்சு பாஸை, அதாவது தச்சரை, பிடித்து உள்ளே பலாப்பலகையில் கட்டில் அடித்தார். மடிக்கிற மேசை ஒன்று, மண்ணெண்ணெய்க் குக்கர் வைக்க ஒரு தட்டு, கூரைமேல் இரும்புக் கம்பிச் சட்டம். எல்லாம் யாத்திரைக்கு: ஆடி மாதம் கதிர்காமம், ஆவணியில் மடு, இடையில் முன்னேஸ்வரம். கேம்பர் வான் என்ற பெயர் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. 'கதிர்காம வான்' என்றுதான் சொன்னார்கள், இப்போதும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பிறகு இருபது வருடத்துக்கு மேல் வத்தளையில் அவர்கள் வளவில், பலாமரத்தின் கீழ் நின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் உருளக்கூடிய எதற்கும் விலை ஏறியது. தரகர்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். விற்கட்டுமா என்று பெரியப்பாவிடம் கேட்டதற்கு, "ஒருக்கா ஓடட்டும், பிறகு யோசிப்பம்" என்றார். நண்பன் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டான்.

இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ இருந்தது. 1957இல் அந்த எழுத்து வாகனத் தகடுகளுக்கு வந்தபோது தமிழர் பக்கம் எழுந்த எதிர்ப்பையும், தார் பூசிய கதைகளையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இத்தனை வருடம் கழித்து அதே எழுத்தின் மங்கிய இடங்களை மெல்லிய தூரிகையால் நிரப்பிக்கொண்டிருந்தோம். மூலத் தகடு இருந்தால்தான் பழைய வானுக்கு மதிப்பு. பெரியப்பா கதிரையில் இருந்து பார்த்துச் சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை ஆட்கள்

2021 தொடக்கத்தில் வேலை ஆரம்பம். முதல் நாள் செய்த ஒரே வேலை, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுகிற காந்தத்தைத் துணியில் சுற்றி உடல் முழுவதும் நகர்த்தியது. காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் ஓட்டையை நிரப்பிய பட்டிப் பசைதான் இருக்கிறது. கதவுகளின் கீழ் விளிம்பு, பின் சில்லு வளைவுகள், முன் கண்ணாடியின் கீழ்ச் சட்டம், பற்றரி வைக்கும் தட்டு, எங்கும் பட்டி. ஓரிடத்தில் பட்டிக்குள் பழைய பத்திரிகைத் தாளும் கிடைத்தது. கூரை விளிம்பில் ஓடும் பீலி மட்டும் நன்றாக இருந்தது. கடற்காற்று நேரே படாத வளவு என்பதால் பிழைத்திருக்கலாம். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் நின்றிருந்தால் அதுவும் போயிருக்கும்.

தகடு வேலைக்கு மட்டக்குளியில் இருந்து ஒரு டிங்கரிங் பாஸ் வந்தார். நண்பனின் நண்பனுக்கு நண்பர். சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பார். கை சுத்தம். வெல்டிங் தழும்பு தெரியாமல் தேய்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். காசு வாங்கவில்லை. மகளின் கல்யாணத்துக்கு இந்த வானில்தான் பெண் வரவேண்டும் என்பது மட்டுமே அவர் நிபந்தனை. அவருக்குச் சனிக்கிழமைதான் ஓய்வு.

எஞ்சினுக்கு கிராண்ட்பாஸில் சிறு கராஜ் வைத்திருக்கும் அண்ணன். அவருக்கு ஞாயிறும் பௌர்ணமிப் போயா தினமும்தான் கராஜ் பூட்டு. அவருக்கும் காசு கிடையாது. அவருடைய கராஜ் கணக்கை நான் பார்த்துக்கொடுப்பதாக ஒப்பந்தம். எஞ்சினை இறக்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பெற்றோல் குழாய் எல்லாத்தையும் வெட்டி எறி" என்பது. இந்த எஞ்சினின் பெட்டி மக்னீசியக் கலப்புலோகம். காய்ந்து வெடித்த குழாயில் இருந்து பெற்றோல் சூட்டில் சொட்டித் தீப்பிடித்தால், மக்னீசியம் எரியத் தொடங்கிவிடும். அதன்மேல் தண்ணீர் ஊற்றுவது இன்னும் மோசம். உலகம் முழுவதும் பல கொம்பிகள் முடிந்த விதம் இதுதான். புதுக் குழாயும் கிளிப்பும் வாங்கினோம், உலர்தூள் தீயணைப்பான் ஒன்றும் வாங்கிச் சாரதிக் கதிரைக்குப் பின்னால் பூட்டினோம். எல்லாச் செலவிலும் எனக்கு மன உறுத்தல் இல்லாத செலவு அது.

கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே கொம்பிச் சாமான் கேட்டால் ஆறு கடைக்காரர் கைவிரிப்பார்கள். ஏழாவது கடையில் ஒரு ஐயா மேல்தட்டில் இருந்து தூசி படிந்த பெட்டியை இறக்குவார், பீட்டில் காருக்கு வந்தது. எஞ்சின் ஒரே குடும்பம் என்பதால் பாதிக்கு மேல் பொருந்தும். பிஸ்டன் செட்டும் பிரேக் சிலிண்டர்களும் அப்படித்தான் கிடைத்தன. நான்கு சில்லிலும் டிரம் பிரேக். இந்த வகைக்கு முன் டிஸ்க் வந்தது 1971 மாடலில்தான். ஆணி, போல்ட், பூச்சுச் சாமான்கள் பழைய சோனகத் தெருவில்.

2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாள் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. எங்கள் வேலை அட்டவணையை மின்வெட்டு அட்டவணைதான் தீர்மானித்தது. வத்தளையில் மின்சாரம் இருக்கும் இரண்டரை மணி நேரத்தில் பாஸ் வெல்டிங் செய்வார். மிச்ச நேரம் கைச் சுத்தியல். பிறகு எரிபொருளை வாரக் கணக்கில் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது பதிவுக்குச் சேசி இலக்கம் கேட்டார்கள். கொம்பியின் சேசி இலக்கம் எஞ்சின் அறைக்குள், வலது பக்கத் தகட்டில் அடிக்கப்பட்டிருக்கும். அந்த இலக்கம் அழிந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வானை வான் என்று நிரூபிப்பதே ஒரு வாழ்நாள் வேலை. நல்லகாலம், வேலை தொடங்கிய அன்றே பாஸிடம் சொல்லியிருந்தோம்: "வலப்பக்கம் தொடாதீங்க பாஸ், இலக்கம் இருக்கு." அவர் அந்தப் பக்கம் தாள் ஒட்டி மூடிவைத்திருந்தார். இந்த ஒரு சொல் பின்னால் என்ன செய்யப்போகிறது என்று அப்போது தெரியாது.

பூச்சு பதிவுப் புத்தகத்தில் இருந்த அதே நிறம்: மேலே வெள்ளை, கீழே வெளிர் நீலம். நிறம் மாற்றினால் அதையும் பதிவில் மாற்ற வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாம். உள் வேலையை விரிவாக எழுத ஒன்றுமில்லை. பழைய பலாப்பலகைக் கட்டிலைத் தேய்த்து மெருகிட்டோம், மெத்தைக்குப் புது உறை தைத்தோம். கேஸ் அடுப்பு பூட்டும் யோசனை இருந்தது. 2021 கடைசியில் வீடுகளில் கேஸ் சிலிண்டர் வெடித்த செய்திகள் தொடர்ந்து வந்ததில், நண்பனின் அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. பெற்றோல் தாங்கி எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருக்கிற வானில் அவர் சொன்னது சரிதான்.

கடுகண்ணாவை

2023 தைப்பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்டிக்குப் புறப்பட்டோம். வார ஒதுக்கீட்டுப் பெற்றோல் போதாது என்பதால் முந்திய வாரத்தில் அடித்ததைத் தாங்கியில் சேர்த்துவைத்திருந்தோம். பஸ்யாலையில் நிறுத்திக் கஜு வாங்கினோம். கேகாலை வரை பிரச்சினை இல்லை. மாவனல்லை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மூன்றாம் கியர், பிறகு இரண்டாம் கியர். எஞ்சினில் இருந்து கொட்டைப்பாக்கு உடைப்பது போல ஒரு சத்தம். வலு இறங்கியது. ஓரமாக்கினால், ஐட்லிங்கில் ஒயில் விளக்கு மின்னுகிறது. ஒயில் தண்ணீராகிவிட்டது என்று அர்த்தம். ஒயில் அளக்கும் கம்பியை இழுத்த அண்ணன் கையைச் சுட்டுக்கொண்டார்.

ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டு, ஏறாமல் திரும்பி இறங்கி, வத்தளைக்கு ஊர்ந்து வந்து சேர்ந்தோம். பெரியப்பா வாசலில் நின்றார். "கண்டி எப்படி?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

ஏழு வாரம்

முதலில் டைமிங். அண்ணன் சற்றுப் பின்னுக்கு இழுத்தார். பலனில்லை. கொழும்பில் ஏற்றம் என்று சொல்ல இருப்பது புதிய களனிப் பாலம் மட்டும்தான். ஆகவே வத்தளையில் இருந்து நீர்கொழும்புக்கு நிற்காமல் ஓடித் திரும்புவதே எங்கள் சோதனை. அடுத்தது காபரேட்டர். கலவை மெலிந்திருக்கிறது என்று ஜெட்டை மாற்றினோம். பிளக் கறுத்தது, சூடு அப்படியே. பிறகு பெற்றோல். அந்த வருடம் எதற்கும் பெற்றோலைக் குறை சொல்வது வழக்கமாகியிருந்தது. 95 ஒக்டேன் அடித்துப் பார்த்தோம். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சினுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, காசுதான் எரிந்தது.

நான்காவது வாரம், அண்ணனின் கராஜில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இரண்டு சிறு தகடுகள் கிடைத்தன. சிலிண்டர்களுக்குக் கீழே பூட்டவேண்டியவை. காற்றைச் சிலிண்டரைச் சுற்றி வளைத்து அனுப்பும். எஞ்சின் கட்டும்போது மறந்துபோயிருந்தது. அவர் வெட்கப்பட்டார், நாங்கள் சந்தோஷப்பட்டோம். மீண்டும் எஞ்சின் இறக்கி, பூட்டி, ஓடினோம். கொஞ்சம் நல்லது. அந்தக் 'கொஞ்சம்'தான் எங்களை இன்னும் இரண்டு வாரம் வழிதவறச் செய்தது. காரணம் கிடைத்துவிட்டது, இனி எஞ்சின் பழக வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

எங்கள் சந்தேகத்தை மூடிவைத்த இன்னொன்றும் உண்டு. இந்த எஞ்சினில் ஒன்றாம், இரண்டாம் சிலிண்டர்கள் வலப்பக்கம், மூன்றாம், நான்காம் சிலிண்டர்கள் இடப்பக்கம்; மூன்றாவது எப்போதும் மற்றவற்றைவிடச் சூடு. ஒயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள் அந்தச் சிலிண்டருக்கு நேர் மேலே நின்று காற்றை மறிப்பதால் அப்படி. வொக்ஸ்வாகனே 1971 மாடலில் கூலரைத் தனிக் கூட்டுக்கு நகர்த்தியது. எனவே இடப்பக்கம் சூடு என்றால், "அது அதன் பிறவிக்குணம்" என்று அண்ணன் சொல்வார். புத்தகமும் அதையே சொல்லும். யார் மேலே கேட்பது?

ஏழாவது ஞாயிறு ஏசி நண்பர் சாப்பிட வந்தார். அதுவரை அவர் செய்தது கதிரை உறைக்குக் கம்பி வளைத்தது மட்டும். சூட்டை அளக்க நண்பன் கொரோனாக் காலத்து நெற்றி வெப்பமானியை எடுத்துவந்தான். அது மனிதக் காய்ச்சலுக்கு மேல் எதையும் காட்டாது என்று தெரிந்தும் எஞ்சினுக்கு நேரே பிடித்தான். ஏசி நண்பர் சிரித்துவிட்டு, தன் வண்டியில் இருந்து தொழிலுக்கு வைத்திருக்கும் துப்பாக்கி வெப்பமானியைக் கொண்டுவந்தார். நீர்கொழும்பு போய் வந்ததும் பிளக் ஓரத்தில் அளந்து வாசித்தார், நான் எழுதினேன். ஒன்று: 168 பாகை. இரண்டு: 165. மூன்று: 214. நான்கு: 203.

அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "மூண்டுக்கு மேலதானே கூலர் இருக்கு? நாலுக்கு மேல ஒண்டும் இல்லையே. அது ஏன் சுடுது?"

அண்ணன் வாய் திறக்கவில்லை.

"மச்சான், இது வெள்ளவத்தை பிளாட் கேஸ்" என்றார் ஏசி நண்பர். ஏசியின் வெளிப்பெட்டியை மூடிய பல்கனிக்குள் வைத்தால், அது துப்பிய சூட்டுக் காற்றையே திரும்ப உறிஞ்சும்; எவ்வளவு கேஸ் அடித்தாலும் அறை குளிராது. மாதம் நாலைந்து வீட்டில் இதைப் பார்க்கிறவர் அவர். கொம்பியிலும் விசிறி மேலே இருந்து குளிர்காற்றை உறிஞ்சி, சிலிண்டர்கள் வழியாகக் கீழே தள்ளுகிறது. மேலும் கீழும் கலக்கக்கூடாது. கலக்கிறதா என்று பார்ப்பதற்கு அவர் நண்பனின் அம்மாவிடம் ஊதுபத்தி கேட்டார். சாமி அறையில் இருந்து இரண்டு குச்சி வந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வானின் கீழே மல்லாந்து படுத்து, எஞ்சினின் வலது விளிம்பில் குச்சியைப் பிடித்தார். புகை கீழேயே கலைந்தது. இடது விளிம்புக்கு நகர்த்தினார். புகை நூல் போல நேராக மேலே ஏறி, எஞ்சின் அறைக்குள் புகுந்து, விசிறிக்குள் மறைந்தது.

இடது விளிம்பு முழுவதும், பின் விளிம்பில் பாதி, எஞ்சின் தகட்டுக்கும் வானின் உடலுக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி. அங்கே ஒரு ரப்பர் பீடிங் இருக்க வேண்டும். வலது பக்கத்தில் காய்ந்து வெடித்தபடி பழையது அப்படியே இருந்தது.

அன்றே சோதித்துவிட்டோம். ஏசிக் குழாய்க்குச் சுற்றும் அலுமினிய டேப் அவர் வண்டியில் இருந்தது. பழைய துணியை மடித்து இடைவெளியில் திணித்து, மேலால் டேப் ஒட்டி, நீர்கொழும்பு. மூன்று: 181. நான்கு: 170. வலப்பக்கம் ஏறக்குறைய முன்பிருந்தபடியே.

ஏன் இல்லை

குறிப்புப் புத்தகத்தில் 2021 நவம்பரில் ஒரு வரி: 'எஞ்சின் அறை இடப்பக்கத் தகடு வெட்டி மாற்றல், 20 கேஜ், ஒரு நாள்.' அந்த விளிம்பில் பீடிங் செருகுவதற்கு தகடு வாய்க்கால் போல மடிந்திருக்கும். துரு தின்று, பாஸ் பார்க்கும்போது அது வாய்க்காலாகவே இல்லை; பிய்ந்த விளிம்பாகத்தான் தெரிந்தது. வெட்டி எறிந்து, புதுத் தகட்டை நேராக வெல்டிங் செய்து, கண்ணாடி போலத் தேய்த்துவிட்டார். நாங்கள் எல்லோரும் நின்று பாராட்டினோம். போட்டோவும் எடுத்தேன். வலப்பக்கம் தொடவேண்டாம் என்று சொன்னதால் அங்கே வாய்க்காலும் ரப்பரும் தப்பின.

ஒரு வருடம் கழித்து எஞ்சினைக் கீழிருந்து ஏற்றிய அண்ணன் இடப்பக்கம் பீடிங் இல்லாததைக் கண்டார். பாஸின் வேலை முடியவில்லை, பிறகு போடுவார்கள் என்று நினைத்தாராம். சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "காசு வாங்காமச் செய்யிற மனுசன்ட வேலையில நான் என்னண்டு குறை சொல்லுறது?" என்றார். பாஸும் அண்ணனும் அதுவரை ஒரே நாளில் அந்த வளவில் நின்றதே இல்லை. ஒருவர் சனி, மற்றவர் ஞாயிறு.

இரண்டு நாளும் அங்கே நின்றவன் நான். கராஜ் ஒன்றுக்குக் காசு கொடுத்துச் செய்வித்திருந்தால் இருபது கேள்வி கேட்டிருப்பேன், வெட்டிய துண்டைக் காட்டு என்று சொல்லியிருப்பேன். நண்பர்களிடம் சாப்பாடு போதுமா என்று மட்டும் கேட்டேன். என் புத்தகத்தில் யார், எவ்வளவு, என்ன விலை என்பதற்கெல்லாம் நிரல் இருந்தது. ஒருவர் விட்ட இடத்தில் இருந்து அடுத்தவருக்கு என்ன தெரியவேண்டும் என்பதற்கு நிரல் இல்லை. இப்போது இருக்கிறது, அதில் எழுதியதை அடுத்தவருக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் அவர் கையில் ஸ்பானர் கொடுப்பேன்.

திருத்தம்

இடது ஹெட்டை இறக்கிப் பார்த்தோம். வெடிப்பு இல்லை. மூன்றாவது சிலிண்டரின் புகைவால்வில் இடைவெளி இல்லாமலே போயிருந்தது, வால்வ் நீண்டுவிட்டது. மாற்றினோம். இன்னொரு ஏற்றம் ஏறியிருந்தால் அது ஒடிந்து பிஸ்டனுக்குள் விழுந்திருக்கும் என்றார் அண்ணன்.

சரியான பீடிங் பஞ்சிகாவத்தையில் ஏழாவது கடையிலும் இல்லை. லண்டனில் இருக்கும் நண்பனின் மச்சாள் சித்திரை விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் சுருட்டிக் கொண்டுவந்தார். அவருடைய சேலைக்கெல்லாம் ரப்பர் மணம்.

வாய்க்காலை யார் மடிப்பது என்பதில்தான் தயக்கம். பாஸுக்குச் சொல்லாமல் நாமே செய்துவிடலாம் என்று நண்பன் சொன்னான். தகடு வாங்கி, மரச்சட்டத்தில் வைத்து அடித்து மடித்தோம். அலை அலையாக வந்தது. கடைசியில் அழைத்தோம். அண்ணனும் அன்று கராஜைப் பூட்டிவிட்டு வந்தார். பாஸ் குனிந்து பார்த்தார், வலப்பக்கத்தை விரலால் தடவினார், பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இது வாய்க்கால் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லயில்லையே" என்றார். அண்ணன் நிலத்தைப் பார்த்தார். பாஸ் நாங்கள் மடித்த தகட்டை எடுத்து ஒரு மூலைக்குத் தூக்கிப் போட்டுவிட்டு, தன் சுத்தியலை எடுத்தார். அண்ணன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் முடிந்தது.

வெசாக் முடிந்த அடுத்த வாரம் மறுபடி கடுகண்ணாவை. இந்த முறை எட்டுப் பேர், பெரியப்பா முன் கதிரையில். மாவனல்லையில் இருந்து இரண்டாம் கியரில் நிற்காமல் ஏறினோம். குடைந்த பாறைக்குப் பக்கத்தில் ஓரமாக்கி, ஏசி நண்பர் அளந்தார். ஒன்று 174, இரண்டு 172, மூன்று 190, நான்கு 177. ஒயில் விளக்கு மின்னவில்லை. எஞ்சினுக்குக் கீழே மூன்று துளி ஒயில் கிடந்தது. அது பழைய கசிவு, இன்னும் பார்க்கவில்லை. யாருடைய நாளில் பார்ப்பது என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்.